பறிமுதலான மூட்டை எங்கே போகிறது?

திருநெல்வேலிப் பக்கத்து நாளிதழ்களில் ‘அரிசி மூட்டைகள் பறிமுதல்’ என்ற தலைப்பு அடிக்கடி கண்ணில் படும். ஒரு நாள் அது செங்கோட்டையைத் தாண்டிப் புளியரை சோதனைச் சாவடியில், கேரளத்துக்குப் போகும் வண்டியில் பிடிபட்ட ரேஷன் அரிசியாக இருக்கும். இன்னொரு நாள் ஏதோ ஒரு கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், வண்டும் புழுவும் நெளியக் கிடந்த ரவை, மைதா மூட்டைகளாக இருக்கும். அடுக்கிய சாக்குகளும் பக்கத்தில் நிற்கும் அலுவலர்களும் இரண்டு படங்களிலும் ஒன்றுபோலவே தெரிவதால், இரண்டும் ஒரே சட்டத்தின் கீழ் நடக்கும் ஒரே நடவடிக்கை என்று படிப்பவர் எண்ணிக்கொள்கிறார். சட்டமும் வேறு, துறையும் வேறு, அந்த அரிசி கடைசியில் போய்ச் சேரும் இடமும் வேறு.

புளியரையில் பிடிபடும் அரிசி 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தையும், தமிழ்நாட்டில் 1982இல் பிறப்பிக்கப்பட்ட, அட்டை முறை விநியோகத்தை ஒழுங்குபடுத்தும் ஆணையையும் சேர்ந்த விவகாரம். குடிமைப் பொருள் வழங்கல் குற்றப் புலனாய்வுத் துறை அதைப் பிடிக்கிறது. அதை அரசுடைமை ஆக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு இருக்கிறது. அந்த அரிசி தரமான அரிசியாகவே இருக்கலாம். தவறு அது போன வழியில் இருக்கிறது. வண்டு விழுந்த ரவையின் கதை இதற்கு நேர்மாறானது. அதை வைத்திருந்தவர் முறையாக விலை கொடுத்து, பில் போட்டு வாங்கியிருக்கலாம்; உரிமமும் பெற்றிருக்கலாம். தவறு பொருளுக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தேடுவது 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம். 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டத்தை நீக்கிவிட்டு அதன் இடத்தில் வந்த இந்தச் சட்டம், விதிகளோடு சேர்ந்து 2011 ஆகஸ்ட் 5 முதல் முழு அளவில் நடைமுறையில் இருக்கிறது. இந்தக் கட்டுரை இரண்டாவது வகைப் பறிமுதலைப் பற்றியது.

முதலில் கவனிக்க வேண்டியது, இந்தச் சட்டம் எங்கே தொடங்குகிறது என்பது. உழவருக்கும் மீனவருக்கும், வயலில் நிற்கும் பயிருக்கும் இது பொருந்தாது என்று 18ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. விளைபொருள் உழவரின் கையை விட்டு வேறொருவர் கைக்குப் போகும்போதுதான் அது சட்டத்தின் பார்வையில் உணவு ஆகிறது. எளிய உழவரை வழக்கு வம்புகளிலிருந்து காக்கும் நல்ல ஏற்பாடு இது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் தானியம் கெடத் தொடங்குவது பெரும்பாலும் அந்த எல்லைக்கு இந்தப் பக்கத்தில், களத்து மேட்டில்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், நெல் உண்டு. பிசானம் மாசி, பங்குனியில் அறுவடைக்கு வரும். அப்போது வெயில் உறைக்கும், களம் காய்ந்திருக்கும், நெல்லும் சரியாக உலரும். ஆனி, ஆடியில் நட்ட கார் நெல் அறுவடைக்கு வருவது புரட்டாசி, ஐப்பசியில். வடகிழக்குப் பருவமழை தலைகாட்டும் நேரம் அது. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கம் தார்ச்சாலையின் ஓரமாக நெல்லைப் பரப்பி, மேகம் கறுத்ததும் ஓடிவந்து தார்ப்பாய் போட்டு மூடும் காட்சியை அந்த மாதங்களில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறுவடை இயந்திரம் வந்த பிறகு, அறுத்த தாளைக் கட்டாகக் கட்டிச் சில நாள் போரில் வைக்கும் பழக்கமும் மறைந்துவிட்டது. வயலிலிருந்து நேராக வண்டிக்கு நெல் ஏறுகிறது. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் 17 சதவீத ஈரப்பதம் வரை நெல்லை வாங்குகின்றன. மழை கூடிய ஆண்டுகளில் அந்த வரம்பைத் தளர்த்தும்படி மாநில அரசு மத்திய அரசுக்கு எழுதுவதும் வழக்கம். நீண்ட நாள் இருப்பு வைக்கும் தானியத்துக்கு 12 முதல் 14 சதவீதம் வரையிலான ஈரம்தான் பாதுகாப்பானது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் உள்ள ஈரத்தை யாராவது ஒருவர் வெளியேற்றியாக வேண்டும். அப்படி வெளியேற்றாத நெல்லில்தான் பூசணமும் பூச்சியும் குடியேறுகின்றன.

அரிசியைத் தாக்கும் கூன்வண்டு, தானியத்தின் மேலே ஊர்ந்து திரிவதோடு நின்றுவிடுவதில்லை. பெண் வண்டு அரிசியில் துளையிட்டு, உள்ளே முட்டையிட்டு, துளையை அடைத்துவிடும். புழு உள்ளுக்குள்ளேயே தின்று வளர்ந்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும். மூட்டை கடைக்கு வந்த நாளில் ஒரு வண்டும் தெரியாமல், அடுத்த மாதம் திடீரென்று நிறைய வண்டுகள் தெரிவதற்கு இதுவே காரணம். மாவுப் பொருள்களைத் தாக்குவது வேறொரு வண்டு. சிவப்பு மாவு வண்டு எனப்படும் அது, ரவையிலும் மைதாவிலும் பெருகும்போது வெளியிடும் வேதிப்பொருள்களால் மாவு காறல் வாடை எடுத்து, நிறமும் சற்று மாறிவிடும். சலித்தால் வண்டு போய்விடும், மருந்துப் புகை போட்டால் செத்துவிடும் என்று வணிகர்கள் நம்புகிறார்கள். வண்டைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் பூச்சி கழித்த கழிவு தானியத்திலேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் தானியத்துக்கான தரவிதிகள் அந்தக் கழிவில் உள்ள யூரிக் அமிலத்துக்கு ஒரு வரம்பு வைத்திருக்கின்றன: கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. சலித்துப் புடைத்துப் புதுச் சாக்கில் கட்டிய பழைய சரக்கை ஆய்வகத்தில் காட்டிக்கொடுப்பது இந்த அளவுதான். கோதுமை மாவுக்கும் இதேபோல ஒரு சோதனை உண்டு. ஆல்கஹாலில் கரையும் அமிலத்தன்மை 0.18 சதவீதத்துக்கு மேல் போனால், அந்த மாவு பழசாகிவிட்டது என்று பொருள்.

பூச்சி தொற்றிய உணவைச் சட்டம் ‘பாதுகாப்பற்ற உணவு’ என்ற வரையறைக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. புழு, வண்டு, பூச்சி தொற்றியிருப்பது அந்த வரையறையில் தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. அதே நேரத்தில் தானியத்துக்கான தரவிதிகள், வண்டு துளைத்த மணிகள் ஒரு குறிப்பிட்ட அளவு வரை இருப்பதை ஏற்கின்றன. இரண்டும் முரண்படுவதுபோலத் தோன்றினாலும், வயலிலும் கிட்டங்கியிலும் தவிர்க்க முடியாத சிறு சேதத்தையும், உயிருள்ள பூச்சி பெருகிக்கொண்டிருக்கும் நிலையையும் வேறுபடுத்துவதே நோக்கம். கடையில் நின்று பார்க்கும் அலுவலருக்கு இந்த வேறுபாட்டைக் கண்ணால் ஓரளவுதான் சொல்ல முடியும். மிச்சத்தை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

கண்ணால் சொல்லவே முடியாத ஆபத்து பூசண நஞ்சு. அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம் ஈரமான தானியத்தில் வளரும்போது அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பகுதிகளில் அறுவடை நேரத்தில் பெய்த மழையில் மக்காச்சோளம் நனைந்து பூசணம் பிடித்தது. அதைத் தின்ற பழங்குடிக் கிராமங்களில் மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீர் கோத்தலும் பரவி, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே தானியத்தைத் தின்ற நாய்களும் செத்தன. அவர்களுக்கு அது கெட்டுப்போன சோளம் என்று தெரிந்தேதான் இருந்தது. வேறு தானியம் இல்லாததால் தின்றார்கள். பெருமளவில் உண்டால் ஈரலைச் சில வாரங்களில் அழிக்கும் இந்த நஞ்சு, சிறிது சிறிதாகப் பல ஆண்டுகள் உள்ளே போனால் ஈரல் புற்றுநோய்க்குக் காரணமாகிறது. சோறு கொதிக்கும் வெப்பத்தில் இது அழிவதில்லை. நன்றாகக் கழுவி வேகவைத்தால் போதும் என்று நம் வீடுகளில் சொல்லும் ஆறுதல் இங்கே செல்லாது. இந்திய விதிகளின்படி தானியங்களில் இதன் உச்ச வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம், அதாவது ஒரு டன் தானியத்தில் 15 மில்லிகிராம். அதோடு, இந்த நஞ்சு மூட்டை முழுவதும் சீராகப் பரவியும் இருக்காது. சுவரோரம் ஈரம் ஏறிய ஒரு மூலையில் மிக அதிகமாகவும், இரண்டடி தள்ளி ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஒரே மூட்டையின் ஒரே இடத்தில் குத்தூசியை விட்டு எடுத்த அரிசி ‘நல்லது’ என்று வந்தாலும், அந்த அடுக்கு முழுவதும் நல்லது என்று ஆகிவிடாது.

ரேஷன் அரிசியைப் பற்றி ஒன்று இங்கேயே சொல்லிவிடலாம். 2022 முதல் படிப்படியாகப் பொது விநியோகத்தில் வந்திருக்கும் செறிவூட்டப்பட்ட அரிசியில், நூறு பங்கு சாதாரண அரிசிக்கு ஒரு பங்கு வீதம், இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12 வைட்டமினும் சேர்த்து அரிசி மாவிலிருந்தே வார்த்த மணிகள் கலக்கப்படுகின்றன. அவை நிறத்தில் சற்று வேறுபடும், ஊறவைக்கும்போது சில மணிகள் மிதக்கவும் செய்யும். இதைப் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று புகார் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனாலும் மிதக்கும் மணியைப் பார்த்துப் பயப்படுவதைவிடப் பூசண வாடையைப் பார்த்துப் பயப்படுவதில் அதிக நியாயம் இருக்கிறது.

இனி பறிமுதல் நடக்கும் நாளுக்கு வருவோம். உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் கிட்டங்கிக்குள் நுழைந்து, விதிகளை மீறியதாகத் தோன்றும் பொருளைப் பறிமுதல் செய்யலாம் என்று 38ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. ‘தோன்றும்’ என்ற சொல் முக்கியமானது. அந்த நிமிடத்தில் அவருக்கு இருப்பது நியாயமான சந்தேகம் மட்டுமே. அவர் எடுக்கும் மாதிரிக்குக் கடை விலையைக் கொடுக்க வேண்டும். மாதிரியை நான்கு பாகமாகப் பிரித்து முத்திரையிட வேண்டும்: ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு பாகம், மாவட்டத்தில் இந்தச் சட்டத்துக்குப் பொறுப்பான நியமன அலுவலரிடம் பாதுகாப்பாக, மீதி ஒன்று வணிகர் கேட்டால் அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்துக்கு. இரண்டு முடிவுகளும் வேறுபட்டால், நியமன அலுவலர் தம்மிடம் உள்ள பாகத்தை மேல் ஆய்வகத்துக்கு அனுப்புவார். நெல்லைச் சீமைக்கு இதில் ஒரு வசதி உண்டு. மாநிலத்தின் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்களில் ஒன்று பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது. மாதிரி கிடைத்த 14 நாளில் பகுப்பாய்வாளர் அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையை எதிர்த்து நியமன அலுவலரிடம் முறையிட வணிகருக்கு 30 நாள் அவகாசம் இருக்கிறது.

அதுவரை மூட்டைகள் எங்கே இருக்கும்? வாசகர்கள் பலருக்கு வியப்பளிக்கக்கூடிய பதில் இது: பெரும்பாலும் அதே வணிகரின் அதே கிட்டங்கியில்தான். டன் கணக்கான தானியத்தைக் கொண்டுபோய் வைக்க அலுவலகத்தில் இடம் கிடையாது. ஆகவே மூட்டைகளுக்கு முத்திரை வைத்து, அவற்றை விற்கவோ நகர்த்தவோ மாட்டேன் என்று வணிகரிடம் பிணைப் பத்திரம் எழுதி வாங்கி, அவரது பொறுப்பிலேயே விட்டுவிடச் சட்டம் இடம் தருகிறது. முத்திரையை உடைத்துப் பொருளை மாற்றினால், ஆறு மாதம் வரை சிறையும் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. நாளிதழில் ‘பறிமுதல்’ என்று படித்தவர் அந்த அரிசி ஊரை விட்டுப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, அது அடுத்த தெருவில், ஒரு பூட்டுக்கும் ஒரு முத்திரைக்கும் பின்னால் இருக்கிறது.

அலுவலருக்கும் கட்டுப்பாடு உண்டு. நியாயமான காரணமில்லாமல், தொல்லை கொடுக்கும் எண்ணத்தில் பறிமுதல் செய்தால், அவருக்கே 1 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். அலுவலர் மீது பொய்ப் புகார் கொடுப்பவருக்கும் 50,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம் இருக்கிறது. நடைமுறையில் ஒரு படி தவறினாலும் என்ன ஆகும் என்பதற்கு நாடறிந்த எடுத்துக்காட்டு மேகி நூடுல்ஸ் வழக்கு. ஈயம் அதிகம் என்று சொல்லி 2015 ஜூன் 5 அன்று தேசிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பிறப்பித்த தடையை, அதே ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நிறுவனத்தின் தரப்பைக் கேட்கவில்லை என்பதும், சோதனை நடந்த ஆய்வகங்கள் சட்டப்படி உரிய அங்கீகாரம் பெற்றவை அல்ல என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். நாடு முழுவதும் கடைகளிலிருந்து சரக்கை இறக்கிய நடவடிக்கையே இரண்டு மாதத்தில் நிற்க முடியாமல் போனது என்றால், ஒரு தாலுகா ஊரில் அவசரமாக எழுதிய மகஜரில், அதாவது சாட்சிகள் முன்னால் எழுதும் பதிவில், ஒரு கையெழுத்து விட்டுப்போனால் அந்த வழக்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கலாம். மாதிரியும் முத்திரையும் சாட்சியும் சரியாக இல்லாத பறிமுதலால், கெட்ட தானியத்தை விற்றவருக்குத்தான் பெரிய உதவி.

அறிக்கை வந்த பிறகு பாதை இரண்டாகப் பிரிகிறது. பொருள் தரக்குறைவானது என்றோ, உறையில் தவறான விவரம் உள்ளது என்றோ, கல், மண், தூசி போன்ற வேற்றுப் பொருள் கலந்தது என்றோ மட்டும் வந்தால், அது குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. தீர்ப்பு அலுவலராக இருக்கும் மாவட்ட வருவாய் அலுவலர் விசாரித்துத் தண்டம் விதிப்பார். தரக்குறைவுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, தவறான உறை விவரத்துக்கு 3 லட்சம் வரை, வேற்றுப் பொருளுக்கு 1 லட்சம் வரை. பாதுகாப்பற்றது என்று வந்தால் மட்டுமே வழக்கு நீதிமன்றம் ஏறும். யாருக்கும் காயம் நேராத நிலையில் ஆறு மாதமாக இருந்த சிறைத் தண்டனையின் உச்ச அளவை, 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம் மூன்று மாதமாகக் குறைத்து, அபராதத்தை 1 லட்சத்திலிருந்து 3 லட்சமாக உயர்த்தியது. உயிர் போயிருந்தால் ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் தண்டனை வரை போகலாம். சிறு பிழைக்கும் சிறை என்று பயமுறுத்திய 1954ஆம் ஆண்டுச் சட்டத்தைவிட இந்தப் பிரிவினை அறிவுக்குப் பொருத்தமானது என்றே எனக்குப் படுகிறது. ஆனால் பூசண நஞ்சு போன்ற தீமையில், காயம் இன்று தெரியாது, இருபது ஆண்டு கழித்துத்தான் தெரியும். ‘காயம் ஏதும் இல்லை’ என்ற வகையில் அதை வைத்து எடைபோடுவது எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது.

கடைசிக் கண்ணியான சிறு கடைக்காரரின் நிலையையும் பேசாமல் விட முடியாது. ஆலங்குளத்திலோ களக்காட்டிலோ மளிகைக் கடை வைத்திருப்பவர் ஆலையிலிருந்து நேராக வாங்குவதில்லை. டவுனில் மொத்த வணிகரிடம் பத்து மூட்டை எடுத்து, பிரித்து, படியாகவும் கிலோவாகவும் விற்கிறார். ஒரே தொகுதியாக, அதாவது ஒரே ‘பேட்ச்’ ஆக வந்த சரக்கில் ஒரு பகுதி பாதுகாப்பற்றது என்று தெரிந்தால், அந்தத் தொகுதி முழுவதுமே அப்படித்தான் என்று, மாறாக நிரூபிக்கப்படும் வரை சட்டம் கொள்கிறது. ஒரு கடையில் பிடிபட்ட மூட்டையிலிருந்து மொத்த வணிகரின் கிட்டங்கிக்கும் அங்கிருந்து ஆலைக்கும் போக வழிகாட்டும் அருமையான விதி இது. ஆனால் அந்த வழியில் நடக்க வேண்டுமென்றால் பில் வேண்டும், தொகுதி எண் வேண்டும். துண்டுச் சீட்டில் ‘அரிசி 10 மூடை’ என்று எழுதி வாங்கியவரிடம், மேலே கைகாட்டுவதற்கு ஒன்றுமே இருப்பதில்லை. தேவையான கவனம் எடுத்துக்கொண்டேன் என்று நிரூபித்தால் தப்பலாம் என்ற பாதுகாப்பைச் சட்டம் தந்திருந்தும், அதைப் பயன்படுத்தக் காகிதம் இல்லாததால் தண்டம் அவர் தலையில் விழுகிறது. ஈர நெல்லை அவசரமாக அரைத்த ஆலையும், மழை ஒழுகும் கூரையின் கீழ் அடுக்கிய கிட்டங்கியும் அந்தக் கோப்புக்குள் வருவதே இல்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. தாமிரபரணி கரை மீறி நெல்லை சந்திப்புப் பகுதியை மூழ்கடித்தது. அப்படியொரு வெள்ளம் புகுந்த எந்தக் கிட்டங்கியிலும், அடியில் இருந்த வரிசை மூட்டைகள் சாக்கடை கலந்த நீரில் ஊறியிருக்கும். நனைந்ததைக் காய வைத்து, குறைந்த விலைக்குக் கைமாற்றும் ஆசை யாருக்கும் வரும். நட்டத்தில் நிற்கும் வணிகரைக் குறைசொல்லவும் மனம் வராது. ஆனாலும் நனைந்த தானியத்தை மனிதர் உணவுக்கு மீட்க முடியாது என்பதே அறிவியல் சொல்லும் பதில். ஆகையால் வெள்ளத்துக்குப் பிந்தைய வாரங்களில் கிட்டங்கிகளைச் சோதிப்பது எந்த ஆண்டிலும் தவிர்க்கக் கூடாத வேலை. நட்டத்துக்கு நிவாரணமும் அதனோடு கைகோத்து வர வேண்டும்.

கெட்டது என்று உறுதியான தானியத்துக்கு எளிதாகச் சொல்லப்படும் வழி, மாட்டுத் தீவனத்துக்குத் தள்ளிவிடுவது. வண்டு மட்டும் விழுந்த தானியத்துக்கு அது ஓரளவு பொருந்தலாம். பூசணம் பிடித்ததற்குப் பொருந்தவே பொருந்தாது. பசு தின்ற அஃப்ளாடாக்சினில் ஒரு பகுதி, உருமாறி எம்1 என்ற வடிவில் பாலில் இறங்குகிறது. பாலில் அதற்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், தானியத்துக்கான வரம்பில் முப்பதில் ஒரு பங்கு. இவ்வளவு கடுமையாக வரம்பு வைத்ததற்குக் காரணம், பாலைக் குடிப்பவர்களில் குழந்தைகள் அதிகம் என்பதே. கிட்டங்கியில் பறிமுதல் செய்த மூட்டை தவிட்டுக் கடை வழியாகத் தொழுவத்துக்குப் போய், அங்கிருந்து பால் சொம்பில் வீட்டுக்குத் திரும்பி வர, தடையாக நிற்பது ஒரே ஒரு காகிதம்: அழித்ததற்கான மகஜர்.

மனிதர் உண்ணத் தகாதபடி கெட்டுவிட்ட பொருளை, வணிகருக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து அழிக்க அலுவலருக்கு அதிகாரம் இருக்கிறது. குழிதோண்டிப் புதைத்தாலும் உரக்கிடங்கில் கொட்டினாலும், எத்தனை மூட்டை, என்ன எடை, எந்த இடம், யார் சாட்சி என்பது அதில் பதிவாக வேண்டும். பறிமுதல் செய்த நாளில் எழுதிய எடையும் அழித்த நாளில் எழுதிய எடையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது, இந்த நடவடிக்கை முழுவதிலும் மிக எளிய சோதனை. அதற்கு ஆய்வகம் தேவையில்லை; இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். பறிமுதல் நாளன்று மூட்டைகளைப் படம் பிடித்துப் போடும் உள்ளூர்ச் செய்தியாளர்கள், மூன்று மாதம் கழித்து நியமன அலுவலர் அலுவலகத்துக்கு ஒரு முறை போய், அந்த இரண்டாவது எடையையும் கேட்டு எழுத வேண்டும்.